நாலாம் லைன் கழலாமல் நின்ற கதை

கருநீர்ப்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் நாலாம் லைனில் இருபத்திரண்டு வீடுகளும் இரண்டு தண்ணீர்க் குழாய்களும் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடமும் ஒரு கிடாரும் இருந்தன. வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம், குழாய்கள் கம்பெனிக்குச் சொந்தம், ஜெபக்கூடம் நிற்கிற மண்ணும் கம்பெனிக்குச் சொந்தம், கிடார் மட்டும் திர்சாள் அக்காவுக்குச் சொந்தம். நாங்கள் சொல்லப்போவதை நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கம்பெனிக்காரர்களும் முதலில் நம்பாமல்தான் இருந்தார்கள்.

மலைக்குச் சுற்றுலா வந்த யாரோ ஜீப்பில் விட்டுவிட்டுப் போன கிடார் அது. டிரைவர் போன் போட்டுச் சொன்னதற்கு, அதெல்லாம் ஆட்டம் கண்டுபோன சாமான், நீங்களே யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்ததாம். அவர் அதை நேராக நாலாம் லைனுக்குக் கொண்டுவந்து திர்சாள் அக்காவின் மடியில் வைத்தார், ஏனென்றால் ஜெபக்கூடத்தில் தாளம் தப்பாமல் கை தட்டத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான். பகலெல்லாம் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்களுக்குக் கம்பி உறைக்கவே இல்லை. ஆறு மாதத்தில் கார்டு என்று சொல்கிற கம்பிப் பிடிகளில் மூன்றைப் படித்துக்கொண்டு, அந்த மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு அத்தனையையும் சமாளித்தார்; நாலாவது கார்டு எதற்கு, நமக்கு நாலு விதமாகவா அழுகை வருகிறது என்று கேட்பார்.

வருஷத்தில் பாதி மழை பெய்கிற ஊர் எங்களுடையது. மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கி மரத்தைப் பிடித்திருக்கிற இரும்பெல்லாம் பிடி விட்டுவிடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் அக்கா முகம் கழுவி, வாசல்படியில் உட்கார்ந்து, கிடாரின் வயிற்றை விரல் முட்டியால் தட்டித் தட்டி எங்கே கிறுகிறு என்று சத்தம் வருகிறது என்று காது கொடுப்பார். கம்பிகளை முறுக்குகிற ஆறு சாவிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு சாவிக்கும் அடியில் ஒரு குட்டி நட்டு உண்டு. அதை விரலால் முடிந்தமட்டும் திருகிவிட்டு, பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் ஒரே ஒரு அரைச் சுற்று, அதற்கு மேல் ஒரு நூல் கூடாது, கூடினால் மரம் விரிந்துவிடும். கிடாரின் அடியில் வார் மாட்டுகிற குமிழ் ஒன்றும் உண்டு. அதன் ஸ்குரூ ஓட்டை தேய்ந்து பெரிசாகி, திருகத் திருகச் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அதை மட்டும் அக்கா கண்டுகொள்ளவில்லை. உட்கார்ந்து வாசிக்கிறவளுக்கு வார் எதற்கு என்று விட்டுவிட்டார்.

அது நடந்தது ஒரு ஆடி மாதச் சனிக்கிழமை. பதினேழு நாள் விடாமல் மழை பெய்து அன்றைக்குத்தான் வெளுத்திருந்தது. கிடாரில் ஆறு நட்டுமே ஆடிக்கொண்டிருந்தன. அக்கா ஆறையும் விரலால் திருகி, ஆறுக்கும் அரைச் சுற்றுக் கொடுத்து, சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று ஒரு ஜி கார்டைப் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். இழுத்ததும் அக்கா வீட்டுக் கதவு பதினோரு வருஷமாகப் போட்டுவந்த முனகலை நிறுத்தியது, மேட்டுக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது, மூன்றாம் வீட்டில் குக்கரின் கைப்பிடி தானாக நேராகியது, ஒன்பதாம் வீட்டுக் கட்டில் ஆடாமல் நின்றது, ஜெபக்கூடத்துக் கூரையில் காற்றடித்தால் படபடக்கிற தகரம் வாயை மூடிக்கொண்டது, குழாயடியில் நின்ற பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் காதைத் தொட்டுப் பார்த்தார்கள், கம்மல் திருகாணி ஒரு இம்மி இறுகியிருந்தது.

உள்ளேயிருந்து அருமைநாயகம் அண்ணன் வெளியே வந்தார். அவர் அக்காவின் வீட்டுக்காரர், எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழுந்து ஏற்றிய டிராக்டர் சரிவில் கவிழ்ந்து இடது தொடை எலும்பு மூன்றாக உடைந்து, டாக்டர்கள் உள்ளே ஒரு தகடு வைத்து ஏழு ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். மழைக்காலம் வந்தால் அந்தக் கால் உள்ளுக்குள் ஆடும்.

"ஏ புள்ள, என்ன பண்ணுன? கால்ல ஆட்டம் நின்னுபோச்சு" என்றார்.

"நட்டு இறுக்குனேன்" என்றார் அக்கா.

"நல்லா இறுக்கியிருக்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் டீ போடப் போனார்.

இப்படித்தான் அது எங்கள் லைனுக்குள் வந்தது. யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அட்டை கடிக்கிறது, யானை வருகிறது, மேகம் வீட்டுக்குள் வந்து போகிறது, அதோடு சேர்த்து இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டோம். ஜெபக்கூடத்தை நடத்துகிற எங்கள் உபதேசியார் ஏசுவடியான் மட்டும் மூன்று நாள் வேதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒண்ணு எங்கயும் இல்ல. ஆனா கூடாதுன்னும் எங்கயும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு மறுநாளே தன் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை ஐந்து மணி என்றால் லைனுக்கே வேறு வேலை கிடையாது. காது குத்தின பெண்கள் கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். குடை, டார்ச், தையல் மிஷின், மண்ணெண்ணெய் ஸ்டவ், ஆடுகிற கட்டில் என்று எல்லாவற்றையும் வாசலில் பரப்பிவிடுவார்கள். கிடார்ச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம்தான் இறுகும் என்று நாங்களே கண்டுபிடித்திருந்தோம். மேனேஜர் பங்களா அதற்கு ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருந்தது, அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

ஒரு வீட்டுக்கு மட்டும் இது எதுவும் பலிக்கவில்லை. கடைசி வீடு, இருபத்திரண்டாம் நம்பர், மரகதம் வீடு. அக்கா என்ன இழுப்பு இழுத்தாலும் அவள் வீட்டுத் தாழ்ப்பாள் தொளதொளவென்றுதான் கிடந்தது. லைனிலேயே மாரியம்மன் படம் மாட்டியிருக்கிற வீடு அது ஒன்றுதான் என்பதால் மரகதம் உபதேசியாரைக் கண்ட இடத்தில் பிடித்துக்கொள்வாள்.

"ஏன்யா, ஒங்க சாமி இருபத்தோராம் வீட்டோட திரும்பிப் போயிருதா? எங்க வீட்டுல என்ன, நாயா கட்டிப்போட்டிருக்கு?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

பிறகு ஐப்பசியில் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். அக்கா காட்டில் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். கூரை பறந்துவிடக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில் அருமை அண்ணன் கிடாரை எடுத்து, பாடாவதிக் கட்டிங் பிளேயரால் ஆறு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடிந்தவரை முறுக்கி, ஒரு இழுப்பு இழுத்தும் விட்டார். டிராக்டர்க்காரர், எதையும் இனி திரும்பாது என்கிற வரைக்கும் முடுக்கித்தான் பழக்கம். கிடாருக்கு அது ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த மத்தியானம் நாலாம் லைனில் ஒரு மூடி திறக்கவில்லை. ஊறுகாய் ஜாடி திறக்கவில்லை, எண்ணெய்ப் பாட்டில் திறக்கவில்லை, இருமல் மருந்து திறக்கவில்லை, குக்கருக்குள் வெந்த சோறு குக்கருக்குள்ளேயே கிடந்தது. மேட்டுக் குழாய் மூடினபடி இறுகிக்கொண்டது, பள்ளத்துக் குழாய் திறந்தபடி இறுகிக் கொட்டிக்கொண்டே இருந்தது, மூக்குத்தி போட்டவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவ்வளவுக்கும் மேலே கேட்டது அண்ணனின் அலறல். அக்கா கூடையோடு காட்டிலிருந்து ஓடி வந்து, ஸ்பேனரை எடுத்து, ஆறு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான் அலறல் நின்றது.

அண்ணன் தரையில் கிடந்து மூச்சு வாங்கினார். "ஆறு எடத்துல கடிச்சிச்சு திர்சா. எண்ணிட்டேன். ஏழாவது மட்டும் சும்மா இருந்துச்சு."

"இனிமே இதத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார்.

கார்த்திகை முதல் தேதி பங்களாவிலிருந்து நோட்டீஸ் வந்தது. கட்டுப்படி ஆகவில்லையாம், தோட்டத்தை மூடுகிறார்களாம், மாதக் கடைசிக்குள் எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம், முப்பதாம் தேதி ஆட்கள் வந்து கூரைத் தகரத்தை எல்லாம் கழற்றி எடுத்துக்கொள்வார்களாம். கூரையைக் கழற்றிவிட்டால் மழை மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் தாத்தாக்கள் ஏறிவந்த மலை இது. அவர்கள் விட்டுவந்த ஊர்களில் எங்களுக்கு ஒரு கல் கூடக் கிடையாது. நிற்கிற இடத்தை எழுதிக் கொடுங்கள், கொடுத்துவிட்டு உங்கள் தகரத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை பங்களாவுக்குப் போனோம். மூன்று முறையும் மேனேஜர் துரை வாசலுக்கே வரவில்லை. நான்காம் நாள் லைனுக்குக் கரன்ட்டை நிறுத்தினார்கள்.

ஜெபக்கூடத்தில் கூட்டம் போட்டோம். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள், ரோட்டில் உட்காரலாம் என்றார்கள். கடைசியில் மரகதம் எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன். அக்கா அந்த நட்டுகள அண்ணன் அன்னைக்குத் திருகுன மாதிரி திருகிட்டா, எவன் வந்து எந்த போல்ட்டக் கழட்ட முடியும்?"

எங்கள் கண் எல்லாம் எங்களை அறியாமல் அருமை அண்ணனின் இடது காலுக்குப் போயிற்று. போனதற்காக வெட்கப்பட்டோம், வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தோம்.

திர்சாள் அக்கா எழுந்தார். "முடியாது. அது என் புருசன் காலு. நீங்க வேணா வீட்டுக்கு ஒரு எலும்பு குடுங்க, அப்புறம் பேசலாம்."

"அண்ணன் அன்னைக்கு ஒரு நாள் கோயமுத்தூருக்குப் போயிடட்டுமே" என்று யாரோ சொன்னார்கள்.

"போனா?" என்றார் அண்ணன். "வீடு என் பேர்ல இருக்கு. கிளார்க்கு லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு வாசல் வாசலா வந்து பேர் கூப்புடுவான். ஆள் இல்லாத வீட்ட ஓடிப்போனவன் வீடுன்னு அடிச்சிருவான். டிராக்டர் கவுந்தப்பவே குதிச்சு ஓடாதவன் நான். இப்ப பஸ் ஏறி ஓடவா?"

"அப்ப வலியில சாவுங்க" என்றார் அக்கா.

"வலியில யாரும் சாகறதில்ல. அது என் காலு திர்சா. கம்பெனியும் அதுல கை வைக்க முடியாது, நீயும் முடியாது. எங்க நிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

அக்கா கூட்டத்தை விட்டு வெளியே போய்விட்டார். அதிலிருந்து இருபத்தைந்து நாள் அக்கா கிடாரைத் தொடவே இல்லை. லைனில் எல்லாம் மறுபடி ஆட ஆரம்பித்தது, கதவு முனகியது, தகரம் படபடத்தது, அண்ணன் காலை இழுத்து இழுத்து நடந்தார். நாங்கள் யாரும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முப்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு லாரி வந்தது. வெளியூர் ஆட்கள் பன்னிரண்டு பேர், ஏணி, ஸ்பேனர் மூட்டை, தகரம் அறுக்கிற மிஷின், அதை ஓட்ட ஒரு ஜெனரேட்டர், பின்னாலேயே ஜீப்பில் மேனேஜர் துரை, லிஸ்ட்டோடு ஹெட் கிளார்க். தகரம் ஒன்றுகூட நசுங்காமல் வர வேண்டும், வியாபாரி காத்துக்கொண்டிருக்கிறார் என்று துரை சத்தமாகச் சொன்னார், எங்கள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார்.

ஏணியை முதல் வீட்டில் சாய்க்கும்போது திர்சாள் அக்கா கிடாரோடு வெளியே வந்தார். குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார். பதினாலாம் வீட்டு வாசலில் அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்தார். அண்ணன் தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினார்.

முதல் நட்டு. விரலால் திருகி, ஸ்பேனரால் அரைச் சுற்று, இன்னொரு அரைச் சுற்று, இன்னும் ஒன்று. ஆறாவது நட்டு வரைக்கும் அக்கா நிமிரவில்லை. பிறகு ஜி கார்டைப் பிடித்து இழுத்தார்.

அண்ணனின் கை கதவு நிலையில் வெளுத்துப்போனது. அலறல் வரவில்லை.

ஏணியில் நின்றவன் ஸ்பேனரைப் போட்டுத் திருகினான், திருகி மறுபடி திருகினான், எண்ணெய் கொண்டா என்றான். எண்ணெய் டப்பாவின் மூடி திறக்கவில்லை. ஸ்பேனரில் குழாயைச் சொருகி இரண்டு பேர் தொங்கினார்கள், ஸ்பேனர் ஒடிந்து இரண்டு பேரும் வாழைக்கன்றுகளுக்குள் விழுந்தார்கள். சரி, அறுத்துவிடலாம் என்று மிஷினை இறக்கினார்கள். ஜெனரேட்டரில் பெட்ரோல் இல்லை, ஊற்றலாம் என்றால் டேங்க் மூடி அசையவில்லை, லைன் வீட்டு ஒயரில் செருகலாம் என்றால் அவர்களே நிறுத்தின கரன்ட். துரை கோபத்தில் தொண்டை காய்ந்து ஃபிளாஸ்கைத் திறக்கப் போனார். நாங்கள் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தோம்.

கிளார்க் வந்த வேலையைப் பார்ப்போம் என்று லிஸ்ட்டைப் பிரித்து ஒவ்வொரு வாசலாக நின்று பேர் கூப்பிட்டார். பதினாலாம் வீட்டில், "அருமைநாயகம்?"

"இருக்கேன்" என்றார் அண்ணன். சட்டையெல்லாம் வியர்வை. கிளார்க் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ கேட்க வந்து, கேட்காமல் அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

அப்போதுதான் கடைசி வீட்டுக் கூரையிலிருந்து ஒருவன் கத்தினான். "இங்க கழலுது! விரல்லயே கழலுது!"

பன்னிரண்டு பேரும் இருபத்திரண்டாம் வீட்டுக்கு ஓடினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் நாலு போல்ட்டு தரையில் விழுந்தது, ஒரு தகரம் ஓரத்தில் தூக்கிக்கொண்டது. துரையின் முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு வீடு போனால் போதும், மற்றது தானாக வரும் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். நேற்றுவரை மரகதம் வீடுதானே என்று இருந்தவர்கள் நாங்கள், அன்றைக்கு எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

அக்கா கிடாரைத் திருப்பிப் போட்டு அடியில் இருந்த குமிழைத் தொட்டார். அது விரல் பட்டதும் சும்மா சுற்றியது. "ஏழாவது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ஆறு கடிச்சுது, ஏழாவது சும்மா இருந்துச்சுன்னீங்களே" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். கிடாரின் கடைசித் திருகுதான் லைனின் கடைசி வீட்டைப் பிடித்திருக்கிறது என்று எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஓட்டை தேய்ந்தால் ஸ்குரூவைத் திருகிப் பிரயோசனம் இல்லை, முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். அக்கா வாசலில் நின்ற தேயிலைச் செடியில் காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து, செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியால் ஈர்க்குச்சி அளவுக்குச் சீவி, மரம் ஒட்டுகிற பசையில் தோய்த்து ஓட்டைக்குள் தட்டி இறக்கினார். தேயிலைக் குச்சியைப் போல் கெட்டியான குச்சி கிடையாது. ஆனால் பசை காய வேண்டும். காய்வதற்குள் திருகினால் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

"எவ்வளவு நேரம்?" என்று மரகதம் கேட்டாள்.

"வெயில்ல வெச்சா ரெண்டு மணி நேரம்."

மரகதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, தூக்கிக்கொண்டிருந்த தகரத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப தூக்குங்கடா. என்னையும் சேத்துத் தூக்குங்க."

அவளுக்குப் பின்னால் உபதேசியார் ஏறினார். எழுபது வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இவருக்கு ஏணி ஏறத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பிறகு நாங்கள் எல்லோரும் ஏறினோம். அடியில் மரச் சட்டம் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து நாற்பது பேர், குழந்தை வைத்திருந்தவர்கள் குழந்தையோடு, மாரியம்மன் வீட்டுக் கூரையில் கிறிஸ்தவச் சனம் முழுக்க உட்கார்ந்தோம். இறங்கு இறங்கு என்று துரை கத்தினார். வந்த ஆட்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு வாழைமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் எங்கேயோ ஒரு லைனில் இருந்து வந்தவர்கள்தானே.

வெயில் ஏறியது. தகரம் சுட்டது. கீழே அக்கா கிடாரை வெயிலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து நகத்தால் பசையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, குமிழைப் பொருத்தி, திருப்புளியை வைத்துத் திருகினார். ஸ்குரூ மரத்தைக் கடித்து இறங்கியது. அக்காவின் கை பாதியில் நின்றது.

பதினாலாம் வீட்டு வாசலிலிருந்து அண்ணன் இறங்கி நடந்து வந்தார். இருபது அடி தூரம்தான், அதைக் கடக்க அவருக்கு எவ்வளவோ நேரம் ஆனது. வந்து அக்காவுக்கு முன்னால் நின்றார்.

"இன்னும் போகுமா?"

"போகும்" என்றார் அக்கா. "நான் போட மாட்டேன். ஆறே போதும், அந்த ஒரு வீடு போனாப் போகட்டும்."

அதைக் கூரையிலிருந்து மரகதம் கேட்டாள். தகரத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதுதான் எங்களால் தாங்க முடியாமல் இருந்தது.

"எந்த வீடும் போகக் கூடாது" என்றார் அண்ணன். "போடு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு திருப்புளியை அழுத்தித் திருகி, இனி திரும்பாது என்கிற வரைக்கும் திருகி, கிடாரை நிமிர்த்தி இழுத்தார். அண்ணன் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், குனிந்தவர் நிமிர்ந்தார், கீழே விழவில்லை. எங்கள் பின்புறத்துக்கு அடியில் தகரம் ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. மிச்சம் இருந்த போல்ட்டுகள் அத்தனையும் ஒரே நொடியில் இறுகின. பொருத்தப்படாமல் கிடந்த நாலையும் துரையே கையில் எடுத்துப் பார்த்தார், தொலையாமல் இருக்க அவற்றிலேயே மாட்டிப் போட்டிருந்த நட்டுகளும் இறுகிக் கிடந்தன.

மூன்று மணிக்கு அவர்கள் ஏணியை ஏற்றிக்கொண்டார்கள். நாளைக்கு வருவோம், நாளை மறுநாளும் வருவோம், நீங்கள் எத்தனை நாள் இப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கிறோம் என்றார் துரை. வாருங்கள் என்றோம். திறக்காத எண்ணெய்ப் பாட்டிலோடும் மூடாத குழாயோடும் ஊறுகாய் இல்லாத சோற்றோடும் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருப்போம் என்றோம். சோற்றைச் சட்டியில் வடித்துக்கொள்கிறோம், உங்களுக்கு என்ன என்று மரகதம் கூரையிலிருந்தே கேட்டாள்.

லாரி கிளம்பியதும் அக்கா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிடாரைத் திருப்பினார். அண்ணன் குனிந்து அவர் கையிலிருந்த ஸ்பேனரையும் மடியிலிருந்த திருப்புளியையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"குடுங்க. அவனுங்க போயாச்சுல்ல."

"குடுக்க மாட்டேன்."

"வலிக்குதுல்ல?"

"வலிக்குது. நாளைக்குக் காலைல வந்து முதல் வேலையா தொட்டுப் பாப்பானுங்க. ஒரு நட்டு ஆடுனாக்கூடத் தெரிஞ்சிரும். எடத்த எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாரட்டும். அன்னைக்கு நீயே உருவிக்க."

அக்கா எழுந்து எங்கள் எல்லோர் முன்னாலும் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினார், குத்திக் குத்தி ஓய்ந்து அழுதார். அண்ணன் வாங்கிக்கொண்டு நின்றார். நாங்கள் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எங்களுக்காகத்தான் வலிக்கிறது, பார்க்கவாவது வேண்டும் என்று பார்த்தோம்.

பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கிடாரை எடுத்தார். அதில் எங்கேயும் அந்தக் கிறுகிறு சத்தம் இல்லை, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. கீழ்வளைவில் திரும்பிக்கொண்டிருந்த லாரிக்கும் அது கேட்டிருக்கும், நன்றாகக் கேட்கட்டும் என்றே அக்கா வாசித்தார். அண்ணன் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, நல்ல காலை மடக்கிக்கொண்டு, அந்த இடது காலால் தரையில் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்த்துவிட்டு அக்கா பாட்டை மெதுவாக இழுத்தார்.

"ஏன் இழுக்குற?" என்றார் அண்ணன். "வேகமா வாசி."